ஜோசஃபின் என்ற ஃபோல்டர்

அத்தியாயம் 11

மாமியாரின் முகச்சுளிப்பை இரண்டு வருஷம் தாங்கிய ஜோசஃபின், நாத்தனாரின் ஒரு நாள் பேச்சைத் தாங்க மாட்டாமல் ஜீவனஹள்ளியில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்ட செய்தி ஸ்ரீராம்புரத்தின் அந்தச் சந்து முழுக்கத் தெரியும். தெரியாமல் விட்டுப்போனவர்களுக்கும் மாமியார் வள்ளியம்மா குழாயடியில் வைத்துச் சொல்லி முடித்திருந்தாள்.

"கண்ணு தெரியாத பொண்ணு, மாசக்கணக்கா உக்காந்து டைப் அடிச்சதை ஒரே நாள்ல அழிச்சுட்டா. வேதக்காரப் பொண்ணு வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். எவன் கேட்டான்?"

அந்தக் கண் தெரியாத பெண்தான் ஜெயலட்சுமி. வள்ளியம்மாவின் மகள்; ஜோசஃபினின் புருஷன், ஆட்டோ ஓட்டும் நாகேஷின் தங்கை. கல்லூரியில் படிக்கும்போது பார்வை மங்க ஆரம்பித்து, ஒரே வருஷத்தில் முழுக்கப் போய்விட்டது. அதற்கப்புறம் ரொம்ப நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தவளை மல்லேஸ்வரத்து அறக்கட்டளை ஒன்று கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டர். மவுஸைத் தொடவே வேண்டாம். அம்புக்குறி விசையை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு ஃபோல்டரின் பெயரைச் சொல்லும். இன்னொரு தட்டுக்கு அடுத்த பெயர். ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயருக்கு நேராகத் தாவிவிடும். எல்லாம் இங்கிலீஷில், ஓர் ஆண் குரலில். வள்ளியம்மா அந்தக் குரலுக்குத் 'தொரை' என்று பெயர் வைத்திருந்தாள்.

"தொரை கத்துறான் பாரு. போய் என்னான்னு கேளு" என்பாள்.

பார்வை இல்லாத பி.யு.சி. பிள்ளைகளுக்காகச் சரித்திரப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை ஜெயாவுக்குக் கிடைத்தது. யாரோ கேசட்டில் படித்துத் தருவார்கள். இவள் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பாள். அடித்ததைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, எழுத்துப் பிழை பார்த்துச் சொன்னவள் ஜோசஃபின்தான். சமையல் முடித்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவாள். "அக்பர்ல ஒரு எழுத்து விட்டுட்டே ஜெயா" என்பாள். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் ஒருவருக்கொருவர்தான் துணை. அண்ணிக்கும் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்து, அவள் பெயரிலேயே தனியாக ஒரு ஃபோல்டரும் போட்டுக் கொடுத்திருந்தாள் ஜெயா.

அப்படி இருந்தவர்கள்தான் இப்படி ஆனார்கள்.

சனிக்கிழமை காலை. நாகேஷ் சவாரிக்குக் கிளம்பாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தான். கடைசியில் தங்கை பக்கத்தில் வந்து நின்று, சதுரமாக, மெல்லிசாக ஒன்றை அவள் கையில் வைத்தான். ஃப்ளாப்பி.

"இதுல ஒண்ணு போட்டுக் குடு ஜெயா."

"என்னது?"

"அவ பயோ-டேட்டா. கம்ப்யூட்டர்ல இருக்குதாமே. ஹெப்பகோடியில ஏதோ கம்பெனியில திங்கக்கிழமை இன்டர்வியூவாம், கேக்குறாங்களாம். அவ சித்தப்பா பையன் நேத்து ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்து சொன்னான்."

"அண்ணி வேற எதுனா சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்ல."

சமையலறையிலிருந்து வள்ளியம்மா குரல் கொடுத்தாள். "அழிக்கிறதுக்கு மட்டும் வந்துச்சா? இப்ப அதே கம்ப்யூட்டர்ல இருந்து வேணுமாமா?"

"அம்மா, சும்னிரு" என்று பாதிக் கன்னடத்தில் அடக்கினான் நாகேஷ்.

ஜெயா கம்ப்யூட்டரைப் போட்டாள். பழைய இயந்திரம், உறுமி, இருமி, எழுந்து உட்கார அதற்கு நேரம் பிடிக்கும். அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணி போனதிலிருந்து, மூன்று வாரமாக, அவளுடைய ஃபோல்டர் பக்கமே அவள் போகவில்லை. எழுத்தைத் தட்டும்போது அந்தப் பெயர் வந்தாலே சட்டென்று தாண்டிப் போய்விடுவாள்.

'ஜே' விசையைத் தட்டினாள். "ஜயா" என்று அவளுடைய ஃபோல்டரைச் சொன்னது குரல். இன்னொரு தட்டு. "ஜோசஃபின்."

என்டர் தட்டினாள்.

"ஹிஸ்டரி" என்றது குரல்.

ஜெயாவின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. காது ஏமாற்றுகிறதோ என்று கீழ் அம்புக்குறியைத் தட்டினாள். "பயோ-டேட்டா." மேல் அம்புக்குறி. "ஹிஸ்டரி."

உள்ளே போனாள். முதல் பாடம். இரண்டாவது பாடம். தட்டத் தட்ட ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. மொகலாயர்கள், மராத்தியர், மைசூர் யுத்தங்கள். ஒன்று குறையாமல் அத்தனையும் இருந்தன. அண்ணி திருத்திச் சொல்லி இவள் மாற்றிய பாடங்கள், கடைசியாக அடித்த பாதிப் பாடம், எல்லாமே.

எப்படி இங்கே வந்தது?

அவளுக்கு மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. சண்டைக்கு முந்தின நாள் மத்தியானம் ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்தலாம் என்று உட்கார்ந்திருந்தாள். வெளியே தனியாகக் கிடந்த சரித்திர ஃபோல்டரை எடுத்துத் தன்னுடைய ஃபோல்டருக்குள் வைக்க நினைத்தாள். கட் கொடுத்தாயிற்று. 'ஜே' தட்டினாள். குரல் உடனே வரவில்லை. இயந்திரம் வழக்கம்போல யோசித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சந்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியபடி, "ஜெயா, ட்ரம்மைத் திறந்து வை!" என்று கத்தினாள். அவசரத்தில் 'ஜே'யை இன்னொரு முறை தட்டினாள். குரல் "ஜ..." என்று ஆரம்பித்ததுமே என்டர் தட்டி, பேஸ்ட் கொடுத்து, மூடிவிட்டு எழுந்து ஓடினாள்.

இரண்டு தட்டும் கணக்கில் ஏறியிருக்கிறது. தன்னுடையதைத் தாண்டி அடுத்ததற்குப் போயிருக்கிறது. பெயரை முழுதாகக் கேட்க அவள் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜோசஃபின் உட்கார்ந்து, எதையும் சேமிக்காமல் வெறும் பக்கத்தில் டைப் பழகினாள். எழுந்திருக்கும்போது, "கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில என்னென்னமோ கெடந்துச்சு ஜெயா, காலி பண்ணிட்டேன்" என்றாள். காலி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவளே ஜெயாதான்.

மறுநாள் சரித்திர ஃபோல்டரைக் காணவில்லை. தன் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு தேடச் சொன்னாள். எதுவும் இல்லை என்றது. அங்கே நின்று தேடினால் அங்கே மட்டும்தான் தேடும் என்பது பதற்றத்தில் உறைக்கவில்லை. குப்பைத்தொட்டி காலி. காலி செய்தவள் பெயர் ஜோசஃபின். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள்.

அன்று கூடத்தில் நின்று என்ன கத்து கத்தினாள்! பக்கத்து வீட்டு வீணாவும் அவள் மாமியாரும் வாசலில் வந்து நின்றார்கள்.

"எனக்கென்ன தெரியப்போவுதுன்னு நெனச்சீங்க இல்ல? குருடிதானே, தடவிக்கிட்டுக் கெடப்பான்னு!"

தன்னைத்தானே அந்த வார்த்தையால் சொல்லிக்கொண்டு அவள் அழுதபோது யாராலும் அவளை எதிர்த்து ஒரு பேச்சுப் பேச முடியவில்லை. அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. இப்போது நினைக்கும்போது அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்தியது.

ஜோசஃபின் சொன்னது ஒன்றுதான். "நான் அதைத் தொடலை ஜெயா."

"என்ன, கெடைச்சுதா?" என்றான் நாகேஷ் பின்னாலிருந்து.

"அண்ணா." ஜெயா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "கெடைச்சிடுச்சு. என்னோட ஹிஸ்டரி. எல்லாம் இங்கதான் இருக்கு. அண்ணி ஃபோல்டருக்குள்ள. நான்தான் தெரியாம வச்சிருக்கேன்."

நாகேஷ் புரிந்துகொள்ளச் சற்று நேரமானது. "அப்ப அவ அழிக்கலையா?"

"இல்ல. அவங்க எதையும் தொடவே இல்ல."

வள்ளியம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அவளுக்கு ஃபோல்டரும் தெரியாது, பேஸ்ட்டும் தெரியாது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அவ பேர் போட்ட எடத்துல இருந்துச்சுன்னா அவதானே ஒளிச்சு வச்சிருப்பா?"

"இல்லம்மா. நான்தான் வச்சேன். எனக்கு ஞாபகம் வந்துடுச்சு."

"சரி, கெடைச்சிடுச்சில்ல. அந்த மட்டுக்கும் நல்லதுன்னு வேலையைப் பாரு. ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப போய் மாத்திச் சொன்னா நம்மளைத்தான் காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்மா."

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? நீ கண்ணு தெரியாதவ, தெரியாம செஞ்சுட்டே. உன்னை யாரு என்ன சொல்லப்போறாங்க?"

"யாருமே சொல்ல மாட்டாங்க" என்றாள் ஜெயா. "அதான்மா பிரச்னையே."

பயோ-டேட்டாவை ஃப்ளாப்பியில் நகலெடுத்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை திறந்து, குரல் கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை கேட்டாள். பெயர், தகப்பனார் பெயர், படிப்பு. 'கணினியில் பாடநூல்களைப் பிழை திருத்திய அனுபவம்' என்று இங்கிலீஷில் ஒரு வரி. அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கவைத்துக் கேட்டாள்.

"அண்ணா, என்னைக் கூட்டிக்கிட்டுப் போ. நானே குடுக்குறேன்."

நாகேஷ் போய் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தான்.

சேஷாத்ரிபுரம் தாண்டினார்கள். கன்டோன்மென்ட் பக்கம் சிக்னலில் வண்டி நின்றபோது நாகேஷ் முன்னால் பார்த்தபடியே பேசினான்.

"அன்னைக்கு நான் அவகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? நீ உள்ள அழுதுட்டிருந்தே."

"கேட்டுச்சு."

"ஜெயாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இரு, இல்லன்னா உங்கம்மா வீட்டுக்குப் போய்டுன்னேன். கோவத்துல வந்துடுச்சு. போவான்னு நெனைக்கல." பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கியரை மாற்றிக்கொண்டே சொன்னான். "செஞ்சியா, செய்யலையான்னு நான் ஒரு வார்த்தை கேக்கவே இல்ல ஜெயா."

ஜெயாவுக்கு அண்ணனைத் தேற்ற வேண்டும்போல இருந்தது. ஆனால் என்ன சொல்லித் தேற்றுவது? அவனைக் கேட்கவிடாமல் செய்ததே தன் அழுகைதானே. முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஃப்ரேசர் டவுன் பேக்கரி வாசனை வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அண்ணியோடு இதே வழியில் வந்து, இறங்கி, ப்ளம் கேக் வாங்கிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. அப்புறம் காக்ஸ் டவுன் மார்க்கெட்டின் இரைச்சல். அதற்கப்புறம் ஜீவனஹள்ளியின் குண்டும் குழியும்.

ஆட்டோ நின்றது. நாகேஷ் இறங்கவில்லை.

"நீ போ. அந்த ரெண்டாவது கதவுதான். நான் இங்க இருக்கேன்."

"வரலையா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர?"

ஜெயா தடியை விரித்துக்கொண்டு நடந்தாள். கதவைத் தட்டியதும் திறந்தது ஜோசஃபினின் அம்மா அல்போன்சா. வழக்கமாக "வாம்மா ஜெயா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறவள்.

"என்ன வேணும்?"

"அண்ணியைப் பாக்கணும் அத்தை."

"எதுக்கு? இன்னும் எதுனா காணாம போச்சா?"

"காணாம போனது கெடைச்சிடுச்சு அத்தை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து ஜோசஃபினின் குரல் வந்தது. "விடும்மா. வரட்டும்."

யாரும் கையைப் பிடிக்கவில்லை. ஜெயா தடியால் தரையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய், ஒரு நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்தாள். உட்காரச் சொல்லாததால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே துணி மடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்தாங்க அண்ணி, ஃப்ளாப்பி."

ஜோசஃபின் வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ்."

"அண்ணி..." என்று தொடங்கும்போதே ஜெயாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதே" என்றாள் ஜோசஃபின். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு வேலையைச் சொல்வது மாதிரி சொன்னாள். "அன்னைக்கு நீ அழுதே. எல்லாரும் உன் பக்கம் வந்துட்டாங்க. எனக்குச் சட்டுனு அழுகை வராது ஜெயா, உனக்கே தெரியும். நான் அழாம நின்னேன், அதனால நான்தான் செஞ்சேன்னு முடிவு பண்ணிட்டாங்க. இப்ப எது சொல்றதா இருந்தாலும் அழாம சொல்லு."

ஜெயா நாற்காலியை இறுக்கிப் பிடித்தாள். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். கட் கொடுத்தது, 'ஜே' தட்டியது, குரல் வரத் தாமதமானது, தண்ணீர் வந்தது, இரண்டாவது தட்டு, பெயரைக் கேட்காமல் என்டர் அடித்தது, மறுநாள் தேடிய லட்சணம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். இடையில் ஒரு முறை குரல் நடுங்கியது. நிறுத்தி, சரிசெய்துகொண்டு மேலே போனாள். துணி மடிக்கும் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அத்தனையும் உங்க ஃபோல்டர்லதான் இருந்துச்சு அண்ணி. நான் அதைத் திறந்தே பாக்கல."

"ஏன் பாக்கல?"

"அது உங்களோடது. நீங்க இல்லாதப்ப திறக்கக் கூடாதுன்னு..."

"ஓ" என்றாள் ஜோசஃபின். "என் ஃபோல்டரைத் திறக்கக் கூடாது. ஆனா நான் அழிச்சுட்டேன்னு நாலு பேரைக் கூட்டிவச்சுச் சொல்லலாம்."

ஜெயா தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ தப்பா எங்கயோ வச்சுட்டது பெரிய விஷயமே இல்ல. யாருக்கும் நடக்கும். 'அண்ணி, காணோம், வந்து தேடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பக்கத்துல உக்காந்து பாத்திருப்பேன். எனக்குக் கண்ணு தெரியுமே. ரெண்டு நிமிஷத்துல கெடைச்சிருக்கும். எப்பவும் அப்படித்தானே செஞ்சோம்? அன்னைக்கு மட்டும் என்னை ஏன் கூப்பிடல?"

ஜெயாவுக்கு அதற்கான பதில் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. மாசக்கணக்கான உழைப்பு போனதும் யார்மேலாவது பழி போட வேண்டியிருந்தது. தன்மேல் போட்டுக்கொண்டால், 'நான் சொன்னேன்ல, கண்ணில்லாதவளுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்' என்று அம்மாவும் உறவுக்காரர்களும் சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டில் அதிகம் பலம் இல்லாதவள் அண்ணிதான். கை தன்னால் அந்தப் பக்கம் நீண்டுவிட்டது.

திக்கித் திணறி, அதையும் சொன்னாள்.

ஜோசஃபின் மடித்த துணிகளை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "இன்னொண்ணு இருக்கு. உனக்குத் தெரியாது" என்றாள். "உங்க ட்ரஸ்ட்ல பிழை பாக்குற வேலைக்கு ஆள் எடுக்குறாங்கன்னு நீதானே முன்னாடி சொன்னே? இங்க வந்தப்புறம் போய்க் கேட்டேன். கோவிந்தப்பா சார் நல்லாத்தான் பேசினாரு. வீடு எங்கன்னு கேட்டாரு. ஸ்ரீராம்புரம், ஜெயலட்சுமியோட அண்ணின்னேன். அப்புறம் அவர் என் முகத்தையே பாக்கல. சொல்லி அனுப்புறோம்மான்னாரு."

புத்தகம் போய்விட்டது என்று கோவிந்தப்பாவிடம் சொன்ன நாள் ஜெயாவின் நினைவுக்கு வந்தது. "எப்படிம்மா போச்சு?" என்று அவர் கேட்டபோது, "எங்க அண்ணி அழிச்சுட்டாங்க சார்" என்று சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு அதை மறந்தும் போய்விட்டாள்.

"இங்க ஃபோன் இருக்குதா அண்ணி?"

"எதுக்கு?"

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் சார் இருப்பாரு. நான் பேசணும்."

ஜோசஃபின் எண்ணைக் கேட்டு, சுழற்றி, ரிசீவரை அவள் கையில் கொடுத்தாள். விரல் பட்டும் படாமலும் விலகியது.

"சார், ஜெயா பேசுறேன். ஹிஸ்டரி புக் கெடைச்சிடுச்சு சார். முழுசா."

"அய்யோ, ஒள்ளேது ஒள்ளேது!" கன்னடக்காரரான கோவிந்தப்பா சந்தோஷத்தில் நல்லது நல்லது என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். "எங்கேம்மா இருந்துச்சு? இங்க பிள்ளைங்க பாதி திரும்ப டைப் மாடிட்டாங்க. பரவாயில்ல, மிச்சத்துக்கு ஆச்சு."

"நான்தான் சார் வேற இடத்துல வச்சுட்டேன். எங்க அண்ணி அழிக்கல. அவங்கமேல நான் சொன்னது பொய். வேணும்னு சொல்லல, ஆனா பொய்தான். என் புக்குல இருந்த தப்பு எல்லாம் பாத்துத் திருத்தினதே அவங்கதான் சார். அந்த வேலைக்கு அவங்களை எடுத்துக்கணும் சார்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நேத்தே ஆள் போட்டுட்டேனேம்மா" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "பாவம், அந்தம்மா நல்லாத்தான் செஞ்சாங்க. நான் குடுத்த பேப்பர்ல இருந்த தப்பெல்லாம் கண்டுபிடிச்சிட்டாங்க. நீ சொன்னது மனசுல இருந்துச்சு. ஃபைல் விஷயம் பாரு, பயமா இருந்துச்சு. முந்தாநாள் சொல்லியிருக்கக் கூடாதா ஜெயா?"

"சரி சார்."

"அடுத்து எதுனா வந்தா..."

"சரி சார். வச்சுடறேன்."

ஜோசஃபினுக்குக் கேட்டது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான். ஆனால் அந்த இரண்டு 'சரி சார்' போதுமாயிருந்தது. ரிசீவரை வாங்கி அதன் இடத்தில் வைத்தாள்.

"போட்டுட்டாங்களா?"

"நேத்துதான் அண்ணி."

அல்போன்சா வாசல் பக்கமிருந்து பெருமூச்சு விட்டாள்.

"பரவாயில்ல" என்றாள் ஜோசஃபின். "நீயா ஃபோன் பண்ணிச் சொன்னே. அது எனக்குப் போதும்னு சொல்ல மாட்டேன். ஆனா சொன்னே."

"திங்கக்கிழமை ஹெப்பகோடியில இன்டர்வியூவா?"

"ஆமா. சாமான் பொறுக்கி அடுக்குற வேலை. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே செய்யணுமாம். கெடைச்சா அங்கயே ஹாஸ்டல்."

"வீட்டுக்கு வரமாட்டீங்களா அண்ணி?"

"எந்த வீட்டுக்கு?"

கேட்டது சாதாரணக் குரலில்தான். ஜெயாவுக்குத்தான் அது தாங்கவில்லை. கண் நிறைந்து வந்தது. அழாதே என்று சொன்னது நினைவு வர, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா குழாயடியில சொன்னதை எல்லாம் நானே போய் மாத்திச் சொல்றேன் அண்ணி. வீணா வீட்டுலயும் சொல்றேன்."

"சொல்லு. எனக்காகன்னு சொல்லாதே. அங்க நான் நடந்து போன தெருவு அது. ரெண்டு வருஷம் அவங்களோட தண்ணி புடிச்சேன். உண்மை என்னன்னு அவங்களுக்குத் தெரியட்டும்." ஜோசஃபின் மறுபடியும் துணியை மடிக்க ஆரம்பித்தாள். "உன்மேல எனக்குக் கோவம் போகல ஜெயா. போகும்னுதான் நெனைக்கிறேன். இன்னைக்குப் போகல. கெளம்பு."

கதவு வரை அவள் கூட வரவில்லை. அல்போன்சாதான் வந்தாள். கடைசிப் படி உயரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாகேஷ் ஆட்டோவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். தங்கையின் தடிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்தான்.

"என்ன சொன்னா?"

ஜெயா நடந்ததை எல்லாம் சொன்னாள். கோவிந்தப்பா விஷயத்தையும் மறைக்கவில்லை. நாகேஷ் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் அவளுக்குக் கேட்டது.

"என்னைப் பத்தி எதுனா கேட்டாளா?"

"இல்லண்ணா."

"நான் வெளிய நிக்கிறது தெரியுமா?"

"ஆட்டோ சத்தம் கேட்டிருக்கும். உன் வண்டி அவங்களுக்குத் தெரியாதா?"

நாகேஷ் நின்ற இடத்திலேயே நின்றான். "நீ இன்னொரு தடவை போயி, அண்ணன் வெளிய இருக்கான், ஒரு நிமிஷம் வரச் சொல்றான்னு..."

"நான் போகமாட்டேன்" என்றாள் ஜெயா. "நான் சொன்னதுக்கு நான் போய்ட்டு வந்துட்டேன். மன்னிப்புக் கேளு, இல்லன்னா போன்னு சொன்னது நீ. அதை நான் எப்படிப் போய்ப் பேச முடியும்?"

ஆட்டோவின் கம்பியைத் தடவிப் பிடித்து, ஏறி உட்கார்ந்தாள். அப்புறம் அண்ணனின் செருப்பு மெதுவாக நகர்ந்தது. நிற்கும், நடக்கும், நிற்கும். கடைசியில் கதவு தட்டும் ஓசை வந்தது.

திறந்தது ஜோசஃபின்தான்.

"அங்கயே நில்லுங்க" என்றாள். "உள்ள வரவேணாம். சொல்லுங்க, எதுக்கு வந்தீங்க?"

பின்னால் எந்த வீட்டிலோ குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. ஒரு சைக்கிள் மணி ஒலித்துக்கொண்டே கடந்து போனது. ஜெயா இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசுண்ணா, பேசு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. நாகேஷின் குரலும் கேட்கவில்லை.